ஆரம்பக் கருவில் குரோமோசோம் ஏன் இத்தனை தடவை பிசகுகிறது?

கேட்டவர் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர். கேள்வி இதுதான்: வீட்டுப் பண்ணையில் ஒரே காளையின் உறைவிந்தை வைத்துச் சினை ஊசி போட்ட பசுக்களில் பாதிக்குச் சினை நிற்கவில்லை. ஆய்வகத்தில் உருவாக்கிய ஐவிஎஃப் கருக்களை வைத்த பசுக்களிலும் அதே கதை. "கருவில் குரோமோசோம் கோளாறு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். அது அவ்வளவு சாதாரணமா, எங்கிருந்து வருகிறது, அப்படியிருந்தும் நல்ல கன்றுகள் எப்படிப் பிறக்கின்றன என்று கேட்கிறார்.

சாதாரணம்தான். எந்தப் பாலூட்டியை எடுத்தாலும் கருவின் முதல் வாரத்தில் குரோமோசோம் பிசகு அடிக்கடி நடக்கிறது. ஆனால் "குரோமோசோம் கோளாறு" என்று ஒரே பேரில் சொல்லும்போது மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முட்டையிலோ விந்தணுவிலோ இருந்தே வரும் பிசகு ஒன்று. கருவான பிறகு செல் பிரியும்போது வரும் பிசகு இன்னொன்று. காளையின் உடம்பிலேயே பிறவியாக இருந்து, அதன் விந்து போகும் இடமெல்லாம் கூடப் போவது மூன்றாவது. இந்த மூன்றில் எது என்று தெரிந்தால்தான் பண்ணையில் என்ன செய்வது என்று சொல்ல முடியும். முதல் இரண்டில் நம் கையில் இருப்பது குறைவு. மூன்றாவதை முழுக்கத் தடுக்கலாம்.

முதலில் இழப்பின் அளவைப் பார்ப்போம். நல்ல பசுவுக்குச் சரியான நேரத்தில் ஊசி போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை முட்டை கருவாகிவிடுகிறது. ஆனால் ஒரு ஊசிக்குக் கன்று ஈனுவது நூற்றுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து அளவில்தான் நிற்கிறது. அயர்லாந்தில் ஸ்ரீனன், டிஸ்கின் இருவரும் பல வருடம் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். இழப்பில் பெரும்பகுதி 8-ஆம் நாளுக்கும் 16-ஆம் நாளுக்கும் இடையில் நடப்பதாகக் கண்டார்கள். கரு அங்கே இருக்கிறது என்று தாயின் உடம்புக்குத் தெரிவிக்கும் சமிக்ஞை 16, 17-ஆம் நாள் வாக்கில்தான் போகிறது. அதற்கு முன்பே கரு இறந்துவிட்டால் பசு 21-ஆம் நாள் வழக்கம்போலப் பருவத்துக்கு வந்துவிடும். நாம் "சினை பிடிக்கவே இல்லை" என்று எழுதி வைப்போம். உண்மையில் பல தடவை பிடித்திருக்கிறது, நிற்கவில்லை, அவ்வளவுதான். இந்த இழப்பு முழுவதும் குரோமோசோமால் வருவது அல்ல. சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் குறைவு, கர்ப்பப்பைத் தொற்று, வெயில், ஈன்ற பிறகு உடம்பு இளைத்துப்போவது எல்லாம் அதில் சேரும். ஆனாலும் குரோமோசோமுக்கு ஒரு கணிசமான பங்கு உண்டு. 1967-இல் மெக்ஃபீலி பன்றியின் இளங்கருக்களை எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்துக்கு ஒன்றில் குரோமோசோம் எண்ணிக்கையோ அமைப்போ தவறியிருந்தது. நல்ல ஆரோக்கியமான பன்றிகளின் கருக்கள் அவை.

இப்படிப் பிசகிய கரு உடனே நின்றுபோகாமல் சில நாள் ஏன் நன்றாகவே வளர்கிறது? இது முக்கியமான கேள்வி. இதற்கு முதல் பதில் கிடைத்தது மாட்டிலோ பன்றியிலோ அல்ல, உடம்பெங்கும் முள் உள்ள சிறு கடல் பிராணியான கடல் முள்ளெலியில். தியோடர் போவெரி என்ற ஜெர்மானிய உயிரியலாளர் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் செய்து 1902-இல் வெளியிட்ட சோதனை அது. இந்தத் துறையில் அதைவிட அழகான சோதனை இன்னொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கடல் முள்ளெலி முட்டையில் விந்தை அளவுக்கு மீறிக் கலந்தால் சில முட்டைகளுக்குள் இரண்டு விந்தணு போய்விடும். அவர் பார்த்த இனத்தில் முட்டைக்கு 18 குரோமோசோம், விந்தணுவுக்கு 18. இரண்டு விந்தணு சேர்ந்தால் மொத்தம் 54 குரோமோசோம். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் இரட்டிக்கும்போது 108. ஒவ்வொரு விந்தணுவும் செல் பிரிவை நடத்தும் மையம் ஒன்றைத் தனக்கென்று கொண்டு வருவதால் செல்லில் இரண்டு முனைக்குப் பதில் நான்கு முனை உண்டாகும். முட்டை ஒரே அடியில் நான்கு செல்லாகப் பிரியும். அந்த 108-உம் நான்கு பக்கமும் கண்டபடி சிதறும். சராசரியாக ஒரு செல்லுக்கு 27. ஆனால் எந்தச் செல்லுக்கு எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கருக்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் சரியான லார்வாவாக வளர்ந்தன. அப்புறம் அவர் முட்டைகளைக் குலுக்கினார். சிலவற்றில் ஒரு மையம் இரட்டிக்காமல் நின்று, நான்குக்குப் பதில் மூன்று முனை வந்தது. அதே 108 இப்போது மூன்று செல்லுக்கு, அதாவது சராசரியாக 36. சரியான கலவை அமையும் வாய்ப்பு கூடுகிறது இல்லையா? நூற்றுக்கு எட்டு கருக்கள் நன்றாக வளர்ந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி வேலை இருக்கிறது, வெறும் எண்ணிக்கை போதாது, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்றாவது வேண்டும் என்ற முடிவுக்கு அவர் இப்படித்தான் வந்தார்.

மாட்டுக் கருவுக்கு நேரடியாகப் பொருந்துவது அந்தச் சோதனையின் இன்னொரு பகுதி. கால்சியம் இல்லாத கடல்நீரில் வைத்தால் நான்கு செல்களும் தனித்தனியாகக் கழன்றுவிடும். அவற்றைத் தனித்தனியாக வளர்த்தார். பந்து போன்ற பிளாஸ்டுலா நிலை வரை பெரும்பாலும் எல்லாமே சரியாகத்தான் போயின. அதற்கப்புறம்தான் ஒன்று அங்கேயே நின்றது, ஒன்று குடலைப் பாதி உருவாக்கிவிட்டு நின்றது, இன்னொன்று அதையும் தாண்டியது. ஒரே முட்டையிலிருந்து வந்த நான்கும் நான்கு விதமாகப் போயின. ஆரம்ப நாட்களில் கரு தன் சொந்தக் குரோமோசோம்களைப் பெரிதாக நம்பி ஓடுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பசுவிலும் இதேதான். முட்டைக்குள் தாய் சேர்த்து வைத்த புரதமும் ஆர்என்ஏவும் கட்டுச்சோறு மாதிரி. முதல் சில பிரிவுகள் அதை வைத்தே நடந்துவிடும். கருவின் சொந்த மரபணுக்கள் முழு அளவில் வேலையைத் தொடங்குவது எலியில் இரண்டு செல் நிலையில், மனிதனில் நான்கிலிருந்து எட்டு செல்லில், மாட்டில் எட்டிலிருந்து பதினாறு செல்லில். அதுவரை ஒரு குரோமோசோம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்து "முதல் தரக் கரு" என்று மதிப்பெண் போட்ட கருவுக்குள் பெரிய பிசகு இருக்க முடிவது இதனால்தான். ஐவிஎஃப் கரு வைக்கும் இடங்களில் வெளித் தோற்றத்தை மட்டும் நம்பி உத்தரவாதம் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

சரி, பிசகு எங்கே வருகிறது? முட்டையிலிருந்து தொடங்கலாம். ஒரு கிடாரியின் முட்டைகள் எல்லாம் அது தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம் ஜோடிகள் பிரிய வேண்டிய கட்டத்தில் பாதியில் நின்றுவிடுகின்றன. அந்த முட்டை சினைப்பையிலிருந்து வெளிவரும் நாளில்தான் மீதி வேலை தொடரும். வருடக்கணக்கான அந்தக் காத்திருப்பில், குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. மனிதரில் நாற்பது வயதை நெருங்கும்போது பிசகு செங்குத்தாக ஏறுவதற்கு இது முக்கியமான காரணம். இளம் ஆய்வக எலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில்தான் இப்படி நடக்கும். பண்ணைப் பசுக்கள் பெரும்பாலும் அவ்வளவு வயது வரை வைத்திருக்கப்படுவதில்லை என்பதால் வயதை இங்கே பெரிய காரணமாக நான் எடுக்கமாட்டேன். இரண்டு விந்தணு நுழைந்து மூன்று தொகுதிக் குரோமோசோமோடு கரு உண்டாவதும் உண்டு. ஆய்வகக் கண்ணாடியில் பன்றி முட்டையைக் கருவாக்குபவர்களுக்கு இது தீராத தலைவலி. (கோழியில் பல விந்தணு நுழைவதே இயல்பு. ஒன்றைத் தவிர மற்றதை முட்டை ஒதுக்கிவிடுகிறது.)

முட்டையும் விந்தணுவும் சரியாக இருந்தாலும் அடுத்த ஆபத்து முதல் பிரிவில் இருக்கிறது. தாயின் குரோமோசோம்களும் தந்தையின் குரோமோசோம்களும் முதலில் இரண்டு தனித்தனி உட்கருக்களில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உருகிக் கலந்த பிறகுதான் பிரிகின்றன என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அப்படி நடப்பதில்லை. 2018-இல் ஹைடெல்பெர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் எலிக் கருவில் காட்டியபடி, தாய்க்கு ஒன்று தந்தைக்கு ஒன்று என்று முதலில் இரண்டு கதிர்கள் (குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைக் கட்டுகள்) உருவாகி, பிறகுதான் அருகருகே சேர்கின்றன. மாட்டிலும் இந்தச் சேர்க்கை எவ்வளவு நுணுக்கமானது என்று 2021-இல் கோட்டிங்கனில் மெலினா ஷூவின் குழு காட்டியது. இரண்டு உட்கருக்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் குரோமோசோம்கள் முன்கூட்டியே வந்து குவிய வேண்டும். குவியாமல் சிதறி இருந்தால் அடுத்து வரும் பிரிவில் தவறு வரும் வாய்ப்பு கூடிவிடும். இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் சினைப்பைகளிலிருந்து எடுத்த மாட்டு முட்டைகளை வைத்து அவர்கள் இதைப் பார்த்ததற்குக் காரணம், இந்த விஷயத்தில் மனிதக் கருவுக்கு எலியைவிட மாடு நெருக்கம். கதிரை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோலை மாட்டிலும் மனிதனிலும் விந்தணுதான் கொண்டுவருகிறது. எலியில் அப்படி இல்லை. அதற்கு முன்பே, 2016-இல், பெல்ஜியத்தின் லூவன் குழு இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டது: சில மாட்டுக் கருக்களில் தாயின் முழுத் தொகுதி ஒரு செல்லுக்கும் தந்தையின் முழுத் தொகுதி வேறொரு செல்லுக்குமாகப் பிரிந்து போயிருந்தன.

உடம்பின் சாதாரணச் செல்லில் இதைத் தடுக்க ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எல்லாக் குரோமோசோமும் கதிர் இழையில் சரியாக மாட்டிக்கொண்டதா என்று உறுதியான பிறகுதான் பிரிய விடும். ஆரம்பக் கருவில் அந்தக் காவல் தளர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கத் தவளையிலும் வரிக்குதிரை மீனிலும் முதல் பல பிரிவுகளில் அது கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. இழைகளை மருந்தால் குலைத்தாலும் செல்லின் கடிகாரம் நிற்காமல் ஓடும். பாலூட்டிகளில் காவல் இருக்கிறது, ஆனால் பலவீனம். செல் மிகப் பெரியது. மாட்டாமல் நிற்கும் ஒரே ஒரு குரோமோசோம் எழுப்பும் எச்சரிக்கை அத்தனை பெரிய செல் முழுக்கப் போய்ச் சேருவது கடினம் என்பது ஒரு காரணம்.

ஆக முதல் சில பிரிவுகளில் சில செல்கள் தவறிப் போகும், மற்றவை சரியாக இருக்கும். இதைத்தான் மொசைக் கரு என்கிறோம். டென்மார்க் ஆய்வாளர்கள் 1999-இல் ஏழு, எட்டு நாள் மாட்டுக் கருக்களைச் செல் செல்லாகப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்தவற்றில் நூற்றுக்கு 72, பசுவுக்குள்ளேயே வளர்ந்தவற்றில் நூற்றுக்கு 25 மொசைக்காக இருந்தன. முதல் எண் பயமுறுத்தும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் பிசகிய செல்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நஞ்சுக்கொடியாக மாறப்போகும் வெளிச் செல்களில் குரோமோசோம் தொகுதி கூடுவது பிற்பாடு இயல்பாகவே நடக்கும் விஷயமும்கூட. ஆய்வகக் கருவுக்கும் பசுவுக்குள் வளர்ந்த கருவுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். வளர்ப்பு ஊடகமும் சூழலும் இதில் பங்கு வகிக்கின்றன.

பிசகிய செல்கள் அப்புறம் என்ன ஆகின்றன? கேம்பிரிட்ஜில் மக்டலீனா செர்னிக்கா-கேட்ஸின் குழு 2016-இல் இதை எலியில் நேராகச் சோதித்தது. காவல் ஏற்பாட்டை மருந்தால் நிறுத்திப் பிசகிய செல்களை உண்டாக்கி, அவற்றை எட்டு செல் நிலையில் நல்ல செல்களோடு கலந்தார்கள். குட்டியாக மாறப்போகும் உள் செல்களில் பிசகியவை தாமாகவே இறந்து ஒழிந்தன. நஞ்சுக்கொடிப் பக்கம் போனவை சாகவில்லை, மெதுவாகப் பெருகின. பாதி செல் நல்லதாக இருந்த கருக்கள் குட்டியாகப் பிறந்தன. நான்கில் ஒரு பங்குதான் நல்ல செல் என்றபோது வெற்றி குறைந்தது. மாணவரின் கடைசிக் கேள்விக்கு இதுதான் பதில்: தவறே நடக்காததால் நல்ல கன்று பிறப்பதில்லை, நல்ல செல்கள் போதுமான அளவு இருந்தால் கரு மற்றதைக் கழித்துவிடுகிறது.

எல்லாச் செல்லிலும் ஒரே பிசகு இருந்தால் கழிக்க வழியில்லை. அப்போது எந்தக் குரோமோசோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இதற்கு உதவியது சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு வகை எலி. சாதாரண வீட்டெலிக்கு 40 குரோமோசோம். இதற்கு 26, பல குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டதால். ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் குரோப் இதையும் சாதாரண எலியையும் வைத்து, வேண்டிய குரோமோசோம் ஒன்று கூடிய கருக்களைத் திட்டமிட்டே உண்டாக்கினார். ஒன்று குறைந்தவை கருப்பையில் பதியும் கட்டத்திலேயே போய்விட்டன. ஒன்று கூடியவை அதைவிட நாள் தாங்கின, ஆனால் பிறப்பதற்குள் இறந்தன. மிகச் சிறிய 19-ஆம் குரோமோசோம் கூடியவை மட்டும் சில பிறந்தன, அவையும் நிலைக்கவில்லை. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்களான எக்ஸ், ஒய் விஷயம் வேறு. ஒரே எக்ஸ் உள்ள பெண் குதிரை உயிரோடு வளரும், குட்டிதான் போடாது. மூன்று நிறம் கலந்த ஆண் பூனையும் பெரும்பாலும் ஒரு எக்ஸ் கூடிப் பிறந்ததுதான்.

இப்போது காளைக்கு வருவோம். உங்கள் பண்ணை விஷயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

மாட்டுக்கு 60 குரோமோசோம். கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டுப் பார்த்தால் ஒரு வசதி கண்ணில் படும்: 58 உடல் குரோமோசோம்களும் ஒரு பக்கம் மட்டும் கை நீண்டவை. இரண்டு கையோடு தெரிவது எக்ஸ், அப்புறம் ஐரோப்பிய இனங்களில் ஒய். காங்கேயம் போன்ற நம் திமில் மாடுகளில் ஒய்கூட ஒரு கைதான். ஆகவே காளையின் தகட்டில் எக்ஸ் மட்டும் தனித்து நிற்கும். இந்தப் பின்னணியில் இன்னொரு பெரிய இருகைக் குரோமோசோம் தெரிந்து, எண்ணிக்கை 59 என்று வந்தால் புதிதாகப் படிப்பவரே பிடித்துவிடலாம். 1-ஆம் குரோமோசோமும் 29-ஆம் குரோமோசோமும் ஒட்டிக்கொண்ட நிலை அது. 1964-இல் ஸ்வீடனில் இங்மார் குஸ்தாவ்சன் இதைக் கண்டார். அந்நாட்டுச் சிவப்பு வெள்ளை மாடுகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இதைச் சுமந்தது தெரியவந்தது. மாட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. விந்தின் அடர்த்தி, ஓட்டம், எல்லாமே நன்றாக இருக்கும். ஆனால் விந்தணு உருவாகும்போது ஒட்டியது ஒன்று, ஒட்டாத 1, 29 என்ற இரண்டு, ஆக மூன்றும் சரியாகப் பங்கிடப்படாமல், சில விந்தணுவில் 1 அல்லது 29 கூடியோ குறைந்தோ போகும். அதில் உண்டாகும் கரு சில நாளில் இறக்கும். கருவுறும் திறன் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறையும். ஒரு பசுவில் இது தெரியவே தெரியாது. ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகும்போது பெரிய நஷ்டம். ஸ்வீடன் இத்தகைய காளைகளைச் செயற்கைக் கருவூட்டலிலிருந்து விலக்கியது, கருவுறும் திறன் மேம்பட்டது.

பன்றியில் இன்னும் அப்பட்டம். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிய ஆண் பன்றியின் ஈற்றில் குட்டி எண்ணிக்கை பாதியாகக்கூட இறங்கும். பிரான்சில் துலூஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாக இளம் ஆண் பன்றிகளைப் பரிசோதித்து வருகிறது. ஏறக்குறைய இருநூற்றுக்கு ஒன்றில் இந்த இடமாற்றம் கிடைக்கிறது. ஒட்டுதல் எல்லாமே கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். முர்ரா, தோடா போன்ற ஆற்று எருமைகளுக்கு 50 குரோமோசோம், தென்கிழக்கு ஆசியச் சதுப்பு எருமைக்கு 48, காரணம் ஒரு ஒட்டுதல். கலப்புக் கன்றுக்கு 49. அது ஆரோக்கியமாக வளர்ந்து இனமும் பெருக்குகிறது.

ஆகவே நான் சொல்வது: அந்தக் காளையின் விந்தைப் போட்ட எல்லாப் பசுக்களின் பதிவையும் எடுத்து, அதே பசுக்கள் வேறு காளைக்கு எப்படி நின்றன என்று ஒப்பிடுங்கள். கொஞ்சம் பசுக்களை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நூற்றுக்குப் பத்து குறைவை ஒரு சிறு பண்ணையில் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாது. பாதிக்கு நின்றதே ஒரு ஊசிக்கு வழக்கமான அளவுதான். விந்து வந்த நிலையத்தில் அந்தக் காளையின் குரோமோசோம் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். நம் நாட்டு உறைவிந்து நிலையங்களுக்கான தர நெறிமுறை அந்தப் பரிசோதனையைக் கேட்கிறது, அதனால் தயங்காமல் கேட்கலாம். ஊர்ப் பொலிகாளை என்றால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஹெப்பாரின் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறைய விடாமல் குளிர்ச்சியாக ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

ஐவிஎஃப் கருவில் செல் எடுத்துப் பரிசோதித்து "கோளாறு" என்று அறிக்கை வந்தால், எந்தப் பகுதியிலிருந்து எத்தனை செல் எடுத்தார்கள், எல்லாச் செல்லிலும் இருந்ததா அல்லது மொசைக்கா என்று கேளுங்கள். முழுக் கருவிலும் ஒரு உடல் குரோமோசோம் குறைந்திருந்தால் அந்தக் கருவை வைப்பதில் பயனில்லை. வெளிச் செல்லில் மொசைக் என்று மட்டும் இருந்தால், வேறு கரு இல்லாதபோது வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

பசுவை விற்க மட்டும் அவசரப்படாதீர்கள். முட்டையிலும் முதல் பிரிவிலும் வரும் பிசகு ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக நடப்பது, போன தடவை நடந்ததால் இந்தத் தடவையும் நடக்கும் என்றில்லை. மூன்று ஊசிக்கும் மேல் நிற்காத பசுவில் முதலில் கர்ப்பப்பை, ஊசி போட்ட நேரம், தீனி, தாது உப்பு, வெயில் பாதுகாப்பு ஆகியவற்றைப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, இரண்டு மூன்று காளைகளின் விந்துக்கும் நிற்கவில்லை என்றால் அப்போது பசுவின் ரத்தத்தையும் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 1, 29 ஒட்டுதல் பசுவிலும் இருக்கும், அதன் கன்றுகளில் பாதிக்கும் போகும்.